பாதியில் நின்ற ஒன்பது வாக்கியங்கள்

தோல் டாக்டரின் கிளினிக்கில் பதினான்கு வருஷம் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தவளுக்கு டோக்கன் அக்கா என்று பேர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. கிளினிக்கை மூடி நாலு மாதம் ஆன பிறகும் கடைத்தெருவில் யாராவது அவளை நிறுத்தி, முழங்கையைத் திருப்பிக் காட்டி, இது படைதானே என்று கேட்பார்கள். அவளும் சும்மா போகமாட்டாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி நன்றாகப் பார்த்துவிட்டு, எதற்கும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

டோக்கன் கொடுப்பது அவள் வேலையில் பாதிதான். மற்ற பாதி, டாக்டர் சொல்லச் சொல்லக் கடிதம் தட்டச்சு செய்வது. டாக்டர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். திரும்பி வரும்போது வேறு வாக்கியத்தின் நடுவில் இருப்பார். டோக்கன் அக்கா இரண்டையும் ஒட்டவைத்து, மரியாதை சேர்த்து, கையெழுத்துக்கு நீட்டுவாள். இவ்வளவு நன்றாகவா பேசினேன் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். மூட்டு வலி முற்றி டாக்டர் தன் மகள் வீட்டோடு போய்விட்ட பிறகு, ஒட்டவைக்க வாக்கியங்கள் இல்லாமல் அவள் விரல்கள் சும்மா இருந்தன.

அதே கிளினிக்கில் இருந்த நர்ஸ்தான் ஒரு நாள் வந்து வழி சொன்னாள். அவள் இப்போது வீட்டிலிருந்தபடியே, நேரில் பார்த்திராத மூன்று முதலாளிகளுக்கு மெயிலுக்குப் பதில் போட்டு, சந்திப்பு நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வேலைக்கு வர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்று பேராம். அதில் ஒரு கிளை, ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது. டோக்கன் அக்காவின் விரல் வேகத்துக்கு அதுதான் சரி என்று நர்ஸ் சொன்னாள்.

அன்று சாப்பாட்டின்போது டோக்கன் அக்கா இதை வீட்டில் எடுத்துச் சொன்னாள். அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போடுபவர். வர்ச்சுவல் என்றால் என்ன என்று கேட்டார்.

"ஆள் இருக்கிற மாதிரியே எல்லா வேலையும் நடக்கும். ஆனா ஆள் அங்க இருக்க மாட்டாங்க."

எதிரே உட்கார்ந்திருந்த மாமியார் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். "இவன் இந்த வீட்ல ஆள் இருப்பான். வேலைதான் நடக்காது. அதுக்கு என்ன பேரு?"

கணவர் எழுந்து தன் தட்டைத் தானே கழுவிவைத்தார்.

மகள் வேறு ஊரில் படிக்கப் போகும்போது விட்டுப்போன பழைய மடிக்கணினி இருந்தது. நர்ஸ் ஒரு ஹெட்போனைக் கடனாகக் கொடுத்தாள். பதிவை மெதுவாக ஓடவிடவும், ஒரே விசையைத் தட்டி ஐந்து விநாடி பின்னால் போகவும் ஒரு மென்பொருளைப் போட்டுக் காட்டினாள். வேலை கொடுக்கும் வலைத்தளத்தில் பேர் பதிய ஒரு தேர்வு உண்டு. பத்து நிமிஷப் பதிவைக் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும்.

தேர்வில் வந்தது, மாடியில் செடி வளர்க்கும் ஓர் அம்மாளின் பேட்டி. அவர் 'வந்து', 'அதாவது', 'என்ன சொல்ல வந்தேன்னா' இல்லாமல் ஒரு வரி பேசவில்லை. மண்ணைப் பற்றித் தொடங்கி மருமகனில் போய் முடிப்பார். டோக்கன் அக்கா வழக்கம்போல எல்லாவற்றையும் பெருக்கி மெழுகி, படிப்பவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி எழுதி அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது: 'நீங்கள் எழுதியது மிக நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் இப்படிப் பேசவில்லை. தேர்ச்சி இல்லை.'

அவளுக்குச் சுருக்கென்றது. பதினான்கு வருஷம் பாராட்டு வாங்கித் தந்த கைவேலை இங்கே குற்றமாகிவிட்டது. ஒரு பகல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பதிவையும் தன் எழுத்தையும் பக்கத்தில் வைத்து மறுபடி கேட்டாள். அந்த அம்மாள் வாடிப்போன ஒரு செடியைப் பற்றிச் சொல்லும்போது மூன்று முறை 'வந்து... வந்து...' என்று இழுத்திருந்தார். அந்த இழுப்பில் அவருக்கு அந்தச் செடிமேல் எவ்வளவு பிரியம் என்று தெரிந்தது. டோக்கன் அக்காவின் எழுத்தில் செடி பட்டுப்போயிற்று என்ற தகவல் மட்டும் இருந்தது.

பத்து நாள் கழித்து வேறொரு பதிவுக்குத் தேர்வு எழுதினாள். இந்த முறை கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு கேட்டதை மட்டும் எழுதினாள். தேர்ச்சி.

முதல் வேலை வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தது. அதை ஆரம்பித்த அப்பா இப்போது இல்லை. இரண்டு மகன்கள், ஒரு மகள், மூவருக்கும் பொது. மகன்களில் பெரியவர் பள்ளியைப் புதிய கட்டடத்துக்கு மாற்ற வேண்டும் என்கிறார். சின்னவர் கார்களை விற்றுவிட்டு இழுத்து மூட வேண்டும் என்கிறார். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒருவர் சொல்ல, சொன்னாய் என்று மற்றவர் சொல்ல, அடுத்த கூட்டம் முழுக்க அதற்கே போய்விடுகிறதாம். அதனால் கடைசிக் கூட்டத்தைப் பதிவு செய்திருந்தார்கள். ஒரு மணி பத்து நிமிஷம். சொல்லுக்குச் சொல் வேண்டும், இருமினால் இருமல் என்று எழுத வேண்டும், முடிந்ததும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு. வெளியே யாரிடமும் பேசக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது.

முதல் போணி. டோக்கன் அக்கா படுக்கையறையில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மேசையைத் தள்ளிப் போட்டு, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரப் பதிவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஐந்து மணி நேரம் ஆகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். முதல் பத்து நிமிஷத்துக்கே இரண்டு மணி நேரம் போயிற்று.

கூட்டம் நடந்தது பள்ளியின் அலுவலக அறையில். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவர் காரைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அவர் கை ஹாரனில் பட்டது. உள்ளே மின்விசிறி கடகடத்தது. பெரியவருக்குக் கனத்த குரல். சின்னவர் பேசும்போது பேனாவால் மேசையைத் தட்டுவார். அவர்களுடைய தங்கையின் குரல் எங்கோ மூலையிலிருந்து வந்தது. ஒலிப்பதிவுக் கருவி அண்ணன்கள் பக்கம் இருந்திருக்க வேண்டும்.

ஓரிடத்தில் பெரியவர், 'கிளாஸ மிதிக்கத் தெரியாதவன்லாம் கணக்கு பேசுறான்' என்றது போலக் கேட்டது. கண்ணாடியை யார் மிதிப்பார்கள், ஏன் மிதிப்பார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. தூங்கி எழுந்த கணவரிடம் அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டாள்.

"கிளட்ச்," என்றார் அவர் கொட்டாவிக்கு நடுவில். "எந்த வண்டியில கிளாஸ மிதிச்சு கியர் போடுவாங்க?"

மாமியாருக்கு வேறு குறை. மருமகள் ஹெட்போன் மாட்டிக்கொள்வது தன் பேச்சைக் கேட்காமல் இருக்கத்தான் என்று முதல் நாள் நினைத்தார். இரண்டாம் நாள், எழுதியதை அவள் வாய்க்குள் முணுமுணுத்துச் சரிபார்ப்பதைக் கேட்டுக் கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யார் வீட்டுச் சண்டை என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். சொல்லக் கூடாது அத்தை என்று டோக்கன் அக்கா கதவைச் சாத்தினாள். கிளினிக்கில் இருந்தபோதும் யாருக்கு எங்கே அரிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை இவள் என்று மாமியார் கூடத்தில் போய்த் தொலைக்காட்சியிடம் குறைபட்டுக்கொண்டார்.

சிக்கல் நாற்பத்தோராவது நிமிஷத்தில் இருந்தது. சின்னவர், 'இந்தப் பள்ளி எனக்கு வேண்டாம்' என்று சொன்னார். அந்தக் கடைசி 'ம்' முடிவதற்குள் வெளியே ஹாரன் அலறியது. ஐந்து விநாடி. ஹாரன் நின்றபோது பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். டோக்கன் அக்கா அந்த இடத்தை வேகமாகவும் மெதுவாகவும் முப்பது முறை ஓட்டிப் பார்த்தாள். ஹாரனுக்குக் கீழே சின்னவர் குரல் இருந்தது. சொல் இல்லை. 'தெளிவாக இல்லை' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, நேரத்தையும் குறித்துவிட்டு மேலே போனாள்.

வியாழக்கிழமை காலை பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். தன் நண்பர்களுக்கும் இப்படி வேலை நிறைய இருக்கிறது, சொல்லிவைப்பதாகச் சொன்னார். வலைத்தளத்தில் ஐந்து நட்சத்திரம் போடுவது தன் கையில்தான் இருக்கிறது என்றும் சிரித்தபடி சொன்னார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"நாப்பத்தோராவது நிமிஷத்துல என் தம்பி, எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோன்னு சொல்லியிருப்பான். அத மட்டும் தெளிவாப் போட்டுருங்கம்மா."

"எனக்கு வேண்டாம் வரைக்கும் இருக்கு சார். அதுக்கு மேல ஹாரன்தான் கேக்குது."

"ஹாரனுக்கு அடியில அதான் இருக்கு."

"அடியில என்ன இருக்குன்னு எனக்குக் கேக்கல சார்."

சரி, யோசித்துச் செய்யுங்கள் என்றார் பெரியவர். தங்கையும் நடுநடுவே ஏதாவது சொல்லியிருப்பாள், அதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் சின்னவர் அழைத்தார். அண்ணன் பேசியிருப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உண்மையில் தான் சொன்னது, 'இந்தப் பள்ளி எனக்கு வேண்டாம்னு நான் எப்பவாவது சொன்னேனா' என்பதுதானாம். வேண்டுமானால் இப்போதே மறுபடி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

"நீங்க இப்ப சொன்னா அது இன்னைக்குப் பேசினதா ஆயிடும் சார். நான் அன்னைக்குப் பேசினதத்தான் எழுதணும்."

போனை வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி பார்த்தாள். ஒரே ஒரு 'னு'. அதை வைத்தால் ஒருவருக்குக் கோபம், விட்டால் மற்றவருக்குக் கோபம், அடைப்புக்குறி போட்டால் இரண்டு பேருக்கும் கோபம். முதல் வாடிக்கையாளரே ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டால் அடுத்தவர் யார் வருவார்? தண்ணீர் குடித்தாள். ஜன்னல் கம்பளியை விலக்கித் தெருவைப் பார்த்தாள். திரும்பி வந்து அந்த அடைப்புக்குறியைத் தொடாமல், மொத்தத்தையும் மேலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

படிக்கும்போதுதான் தங்கை கண்ணில் பட்டாள். முப்பத்தெட்டுப் பக்கத்தில் பெரியவரும் சின்னவரும் பத்தி பத்தியாக இருந்தார்கள். தங்கையின் பேர் ஒன்பது இடத்தில் வந்தது. ஒன்பதிலும் பேருக்கு எதிரே 'ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்' என்ற அடைப்புக்குறி மட்டும் இருந்தது. டோக்கன் அக்காவேதான் போட்டிருந்தாள். மூன்று குரல் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் அப்படிப் போடலாம் என்று வலைத்தளத்தின் விதியே சொன்னது. பிழை என்று யாரும் சொல்லப் போவதில்லை.

ஆனால் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஹாரன் அடித்த இடத்தில் முப்பது முறை கேட்டிருக்கிறாள். தங்கை பேசிய இடத்தில் இரண்டு முறைக்கு மேல் கேட்கவில்லை. கூட்டத்தில் இருந்தது மூன்று பேர். இரண்டு பேர் பேச்சை மட்டும் எழுதிவிட்டு அதைச் சொல்லுக்குச் சொல் என்று எப்படிக் கொடுப்பது?

அன்றும் மறுநாளும் சமையலைக் கணவரிடம் ஒப்படைத்தாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மாமியார் உப்பு எங்கே, மிளகு எங்கே என்று மகனுக்கு வழிகாட்டும் குரல் ஹெட்போனுக்குள்ளும் லேசாக விழுந்தது. டோக்கன் அக்கா வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். வலது காதில் அண்ணன்களின் குரல் அதிகமாகவும் இடது காதில் குறைவாகவும் வருவதைக் கண்டுபிடித்து, வலது பக்கத்தை அடைத்துவிட்டு இடது காதால் மட்டும் கேட்டாள். பெரியவரின் கனத்த குரலுக்குப் பின்னால், மின்விசிறிக்கும் பின்னால், ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் பிடித்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஒன்பதும் கிடைத்துவிட்டன.

நான்காம் நிமிஷம்: 'நான் ஒண்ணு சொல்லவா, பள்ளிய நான்—'

பதினொன்றாம் நிமிஷம்: 'அண்ணா, எனக்கு பயிற்சியாளர் லைசென்ஸ் இருக்கு, அத வச்சு—'

பத்தொன்பதாம் நிமிஷம்: 'இப்ப வர்றவங்கள்ல பாதிக்கு மேல பொம்பளைங்க, அவங்க என்கிட்டதான்—'

இப்படியே போயிற்று. இரண்டு இடத்தில் பெரியவர் குறுக்கே வந்திருந்தார், மூன்றில் சின்னவர், மூன்றில் இரண்டு பேரும். ஓரிடத்தில் டீ வேண்டுமா என்று யாரோ கேட்க, தங்கையே நிறுத்திக்கொண்டிருந்தாள். கடைசியாக அறுபத்து மூன்றாம் நிமிஷத்தில், 'நானே எடுத்து நட—' என்பதோடு சரி. அதற்குப் பிறகு அவள் குரலே இல்லை. டோக்கன் அக்கா ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'குறுக்கீடு' என்று எழுதினாள். ஒரு எழுத்தைக்கூட நிரப்பவில்லை. 'நட' என்று நின்றதை 'நடத்துறேன்' என்று முடித்துவைக்க விரல் துடித்தது. முடிக்கவில்லை.

நாலு மணி ஐம்பதுக்கு மூன்று பேருக்கும் ஒரே சொடுக்கில் அனுப்பிவிட்டு, போய்க் கணவரும் மாமியாரும் சேர்ந்து செய்திருந்த சாதத்தை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

சனி, ஞாயிறு பேச்சு மூச்சில்லை. திங்கள்கிழமை வலைத்தளத்தில் பெரியவரின் மதிப்பீடு வந்தது. நான்கு நட்சத்திரம். 'வேலை சுத்தம். நாற்பத்தோராவது நிமிஷத்தை இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்' என்று எழுதியிருந்தார். அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு நர்ஸுக்கு அனுப்பினாள். முதல் வேலைக்கு நான்கு என்றால் யோகம்தான் என்று நர்ஸ் பதில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எதிர்முனையில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டதும் டோக்கன் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாள் இடது காதுக்குள் வைத்திருந்த குரல்.

தங்கை நடந்ததைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்தார்களாம். தம்பியை நாற்பத்தோராவது நிமிஷத்தில் மடக்குவதற்காகப் பெரியவர் முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். நடுவில் தங்கையின் வரி வந்திருக்கிறது. அதையும் படித்து, கோட்டில் நிறுத்தி, அடுத்து வரும் தன் பேச்சையே படித்திருக்கிறார். மூன்றாவது முறை அப்படிப் படிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. ஐந்தாவதில் படிப்பதையே நிறுத்திவிட்டார். சின்னவர் காகிதத்தை வாங்கி மிச்சத்தைத் தனக்குள் படித்துக்கொண்டே போய், தங்கை பேச்சு வெட்டுப்பட்ட இடங்களை விரல்விட்டு எண்ணியிருக்கிறார். நாற்பத்தோராவது நிமிஷத்தைத் தாண்டிப் போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்டாங்க, என்னம்மா சொல்ல வந்தேன்னு. கேட்டதும் அழுதுட்டேன். அப்புறம் மூக்கச் சிந்திட்டு வந்து முழுசாச் சொன்னேன்."

என்ன முடிவாயிற்று என்று டோக்கன் அக்கா கேட்டாள். கேட்கலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது.

ஒரு வருஷத்துக்குப் பள்ளியைத் தங்கை நடத்திப் பார்ப்பது என்று முடிவாம். கார்களை விற்கவில்லை, கட்டடமும் மாற்றவில்லை. பெரியவர் வாரத்துக்கு ஒரு நாள் வந்து சாலை விதிகள் வகுப்பு எடுப்பார். சின்னவர் தன் வேறு தொழிலைப் பார்க்கப் போகிறார்; அவருக்கு அதில் நிம்மதிதான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்ததாம். அந்த ஹாரன் சமாசாரத்தில் மட்டும் இரண்டு பேரும் இன்னும் அவரவர் கட்சிதான்.

தங்கை அழைத்தது நன்றி சொல்ல மட்டும் இல்லை. காலை முதல் மாலை வரை அவள் காரில் இருப்பாள். பள்ளிக்கு வரும் அழைப்புகளை எடுத்து, யார் எந்த நாள், எந்த நேரம், எந்தக் கார் என்று அட்டவணை போட்டு, வராதவர்களுக்கு ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம்.

"எனக்கு டோக்கன் குடுக்கிற ஆளுதான் தேவை," என்றாள். அப்படி ஒரு பேர் இருப்பது அவளுக்குத் தெரியாது. டோக்கன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, எந்த நாளிலிருந்து என்று கேட்டாள்.

அடுத்த திங்கள்கிழமை ஒன்பது மணிக்கு முதல் அழைப்பு வந்தது. பேசியது ஒரு தையற்கடைக்கார அம்மாள். வயது ஐம்பத்தெட்டு என்று கேட்காமலேயே சொன்னார். காரை முன்னால் ஓட்ட அவருக்கு நன்றாகத் தெரியுமாம். கணவரோடு போய்ப் போய்ப் பழகியாயிற்று. பின்னால் எடுக்கத்தான் வராது. இத்தனை வருஷமாக எங்கே போனாலும் திரும்பி வர வசதியான இடமாகப் பார்த்தே நிறுத்திக்கொண்டிருக்கிறாராம்.

"எனக்கு ரிவர்ஸ் மட்டும் சொல்லிக்குடுத்தா போதும்மா. அதுக்குத் தனியா வகுப்பு இருக்கா?"

இருக்கிறது என்று டோக்கன் அக்கா சொன்னாள். புதன்கிழமை காலை ஏழு மணி, வெள்ளைக் கார் என்று அட்டவணையில் எழுதிவிட்டு, தங்கைக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: 'ரிவர்ஸுக்குத் தனியாக ஒரு வகுப்பு இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.'